பாகூர்க் கோரையும் ஒரு டப்பா வறுத்த கடலையும்

புதுச்சேரிக்குப் போகிறேன் என்றால் கடற்கரைக்கா, ஷாப்பிங்குக்கா என்று கேட்பார்கள். "கோரை பார்க்க" என்று நான் சொன்னதும் என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாக என்னைப் பார்த்தார். "வீட்டுப் பின்னாடி முளைச்சா பிடுங்கி எறியற. அதைப் பார்க்க பஸ் ஏறிப் போறியா?" பின்னால் முளைப்பது முழங்கால்கூட எட்டாத கோரைப்புல், நான் பார்க்கப் போவது தண்ணீரில் ஆளுயரம் வளரும் கோரை, இரண்டும் சொந்தக்காரர்கள்தான் ஆனால் வேறு வேறு ஆட்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். பேப்பர் மறுபடி விரிந்துவிட்டது.

காரணம் இல்லாமல் போகவில்லை. நான் செடிகொடிகளை வரைகிறவள் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். போன மாதம் ஒரு போட்டோவைப் பார்த்துக் கோரை வரைந்து போட்டிருந்தேன். கீழே ஒருவர், "அக்கா, இளநீர்க் கடை ஸ்ட்ரா மாதிரி இருக்கு" என்று எழுதிவிட்டுப் போனார். சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஸ்ட்ராதான். கோரைத் தண்டு உருண்டை இல்லை, மூன்று பட்டை கொண்டது என்பது எனக்குப் படித்துத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிய வேண்டுமென்றால் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

மாசி பிறந்து முதல் சனிக்கிழமை. செங்கல்பட்டிலிருந்து ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கெல்லாம் புதுச்சேரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. நாளுக்கு நானூறு ரூபாய், பெட்ரோல் நம் செலவு. லைசென்சை மறக்காதீர்கள். பத்து கிலோமீட்டரில் வில்லியனூர். கோயில் பக்கத்தில் பூரி மசால், நாற்பது ரூபாய். வெளியே ஒருவர் மணலில் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். வாசனை ஆளை விடவில்லை. "பொட்டலம் வேணாம், இதுலயே போடுங்க" என்று என் பழைய பிஸ்கட் டப்பாவை நீட்டினேன். ஐம்பது ரூபாய்க்கு முக்கால் டப்பா நிறைந்தது. இந்தத் தகர டப்பாவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊசுட்டேரிக்குப் போனேன். அழகான ஏரி, பறவை பார்க்கிறவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டும். எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. கோரை நடுத்தண்ணீரில் தூரத்தில் பச்சைக் கோடாகத் தெரிந்தது, தொடும் தூரத்தில் ஒன்றுமில்லை. டீக்கடைக்காரரிடம் புலம்பினேன். "கோரையா? பாகூர் ஏரிக்குப் போம்மா. மதகுக்குக் கீழ எப்பவும் தண்ணி கசிஞ்சிக்கினே கெடக்கும். அங்க மாடு பூந்தா கொம்புகூடத் தெரியாது" என்றார். அவருக்கு இந்த இடத்தில் ஒரு நன்றி.

வில்லியனூரிலிருந்து மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். இந்த வழியில் நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பது அடிக்கடி குழம்பும். சாராயக் கடை போர்டு தென்பட்டால் புதுச்சேரி, நெடுநேரம் தென்படாவிட்டால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்கள். நடு ரோட்டில் நெல் காய்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், ஹாரன் அடித்தால் முறைப்பார்கள். பதினோரு மணிக்குப் பாகூர் ஏரிக்கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

டீக்கடைக்காரர் சொன்னது அப்படியே இருந்தது. கரையின் மேலே ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். மறுபக்கம் கீழே, மதகிலிருந்து கசிந்த தண்ணீர் ஒரு பள்ளத்தில் தேங்கி, இரண்டு மனைக்கட்டு அகலத்துக்குக் கோரை. அதைத் தாண்டி அறுத்த வயல். வயலோரத்துப் புளிய மர நிழலில் ஒரு பெரிய வாத்துக் கூட்டம் கழுத்தை முதுகில் செருகிக்கொண்டு படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பக் கூடாது என்று பூனை மாதிரி வரப்பில் அடியெடுத்து வைத்தேன். என் கால்தான் பூனை. தோள்பைக்குள் டப்பா ஒவ்வோர் அடிக்கும் சலக், சலக் என்றது.

பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். வாத்துகள் மொத்தமும் எழுந்து, வரிசை கட்டி, என் பின்னால் வந்துகொண்டிருந்தன. நான் நின்றால் நின்றன. நடந்தால் நடந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் முகத்தில் ஏதோ கருணை தெரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, என்னை நம்பி வந்த ஜீவன்களுக்கு ஒரு பிடி கடலையைக் கோரைக்குள் இறைத்தேன். பாய்ந்து போய்த் தேடித் தின்றன. இன்னொரு பிடி. இன்னும் உள்ளே தள்ளி இன்னொரு பிடி. டப்பாவும் காலி, வாத்துகளும் ஒன்றுவிடாமல் கோரைக்குள்.

அதன் பிறகு சுமார் மூன்று மணி நேரம் நான் இந்த உலகத்தில் இல்லை. கைக்கெட்டிய ஒரு தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். உருளவில்லை. பட்டை பட்டையாகத் தடக், தடக்கென்று திரும்பியது. அடியிலிருந்து நுனி வரை ஒரு கணு கிடையாது. உச்சியில் மூன்று நீண்ட இலைகள் குடைக்கம்பிகள் போல விரிந்து, நடுவில் பழுப்பு நிறப் பூக்கொத்து. ஒன்றை ஒடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு, அதுவும் அச்சு எடுத்த முக்கோணம். சிரிப்பு வந்துவிட்டது. வரையவும் ஆரம்பித்துவிட்டேன்.

"யக்கா! என் வாத்தெல்லாம் எங்க?"

அந்தப் பெண்தான். துண்டு தோளிலும் தூக்கம் கண்ணிலும் இருந்தது. நான் கோரையைக் காட்டினேன், ஏதோ நல்ல சேதி சொல்வது போல. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"அதுல இன்னா வச்சிருந்த?"

"கடலை."

"ஆட்டினியா?"

"ஆட்டலை. நடந்தேன்."

அவள் பெயர் அஞ்சலை. விழுப்புரம் பக்கம் ஊர். அறுப்பு முடிந்த வயல்களில் உதிர்ந்த நெல்லுக்கும் நத்தைக்கும் வாத்துகளை ஊர் ஊராக ஓட்டிப்போய் மேய்ப்பதுதான் அவளுக்கும் புருஷனுக்கும் தொழில். சாயங்காலமானால் தகர டப்பாவில் நெல்லைப் போட்டு ஆட்டுவாள். அந்தச் சத்தம் எங்கே போகிறதோ வாத்து அங்கே போகும். என் முகத்தின் கருணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப உன் டப்பாவை எடுத்து ஆட்டேன்" என்றேன்.

"டப்பா, நெல்லு, வலை, சட்டி பானை எல்லாம் முதல் நடையிலயே கரையாம்புத்தூருக்குப் பூட்ச்சி. அவரும் பாதி வாத்தோட அங்கதான் கீறாரு. மீதிக்கு மூணு மணிக்கு வண்டி வருது. இந்த வயலுக்கு சாயங்காலம் தண்ணி வுடப்போறாங்க. வாத்து வெளிய வரலைன்னா வண்டி பூடும். அடைச்சி வைக்க வலைகூட இல்லாம ராத்திரி நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்? நாய் வந்தா ஒண்ணு மிஞ்சாது."

அவள் கத்தவில்லை, திட்டவில்லை. அவளே கொஞ்ச நேரத்தில், "நானும்தான் தூங்கிட்டேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து வாத்து ஏத்தினது, கண்ணு சொக்கிடுச்சி" என்றாள். பாதிப் பழியை எடுத்துக்கொண்டு எனக்குப் பாதியை விட்டுவைத்தாள். பெரிய மனது.

"வா வா வா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளிருந்து குஷியான சத்தம் மட்டும் வந்தது. கோலை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். நானும் சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கினேன். கோரைக்குள் இரண்டடி வைத்ததும் அஞ்சலை காணாமல் போனாள். தலைக்கு மேலே பச்சை, காலுக்குக் கீழே சேறு, காதைச் சுற்றிலும் வாத்து. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கோரையின் விளிம்பு முழங்கையில் கோடு கோடாகக் கீறியது. மூன்று பட்டை என்பது இப்போது கைக்கு மிக நன்றாகவே தெரிந்துவிட்டது.

மூன்று மணிக்கு மினி லாரி வந்தது. டிரைவர் காதர் பாய், வில்லியனூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. அன்று மாலை அவருடைய அக்கா மகளுக்கு நிக்காஹ். மண்டபத்துக்கு நாற்காலி இறக்குவதும் அவர் பொறுப்பு. "நாலரைக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன் அஞ்சல. தாய்மாமன் நானு. லேட்டா போனா எங்கக்கா என்னை உள்ளயே வுடாது" என்றார். ஆனால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லாரியின் கூரை மேல் ஏறிவிட்டார்.

"காத்தே இல்ல, ஆனா கோரைத் தலை ஆடுது பாரு. ஆடுற எடத்துல வாத்து! அஞ்சல, சோத்தாங்கைப் பக்கம்! யம்மா, நீ பீச்சாங்கைப் பக்கம் போ! அங்க இல்ல, அது உன் சோத்தாங்கை!"

அவர் மேலிருந்து பார்த்துச் சொல்ல, நாங்கள் கீழே கோல் தட்டி ஓட்ட, ஆடும் இடம் நகர்ந்து நகர்ந்து பள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. நான் மர நிழலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். "பாகூர் கடைத்தெருவுக்குப் போய்க் கடலை வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன். ஸ்கூட்டர் ஏரிக்கரையின் அடுத்த கோடியில் நின்றது. "நீ நடந்து போயி, வாங்கிக்கினு வர்றதுக்குள்ள பாய் பொண்ணை மறுவூட்டுக்கே அனுப்பிடுவாரு" என்றாள் அஞ்சலை.

காதர் பாய் இறங்கி வந்து டூல்ஸ் பெட்டியிலிருந்து ஒரு பிடி நட்டு போல்ட்டை என் டப்பாவில் கொட்டி ஆட்டினார். கணகணவென்று ஊருக்கே கேட்டது. அவ்வளவுதான், கோரைக்குள் இருந்த கொஞ்ச நஞ்ச சத்தமும் அடங்கிவிட்டது. வாத்துகள் பயந்து நடுப்பகுதிக்குப் போய் ஒடுங்கிக்கொண்டன. மணி நாலு ஆகப் போகிறது. என் ஒரு டப்பா கடலையால் ஒருத்தியின் பிழைப்பு கோரைக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது.

அப்போது காற்று ஒரு முறை வீசி, தலைக்கு மேலே காய்ந்த ஏதோ ஒன்று குலுங்கியது. நான் அண்ணாந்து பார்த்தேன். மற்ற இருவரும் பார்த்தார்கள். புளிய மரம். பழுத்துக் காய்ந்த புளியம்பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

"கொட்டை!" என்றோம் மூன்று பேரும்.

காதர் பாய் கோலை வாங்கி உலுக்க, பழம் பொலபொலவென்று விழுந்தது. கொட்டையில் சதை ஒட்டிக்கொண்டிருந்தால் சத்தம் வராது. கழுவிக் காயவைக்க நேரமில்லை. ஒரே வழிதான். மூன்று பேரும் மரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து புளியம்பழத்தை வாயில் போட்டுச் சப்பி, கொட்டையைத் துப்பி, துணியில் துடைத்து டப்பாவில் போட்டோம். மூன்றாவது பழத்தில் என் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. அஞ்சலை உச்சுக் கொட்டிக்கொண்டே சப்பினாள். காதர் பாயின் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. "சிரிக்காதீங்க, முழுங்கிடப் போறீங்க! பல்லு கூசுது, ராத்திரி பிரியாணி எப்பிடித் துன்னுவேன்?" என்று அவரும் சிரித்துக்கொண்டே துப்பினார்.

அஞ்சலை டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் போடு." போட்டோம். "இன்னும்." கடைசியில் தலையாட்டினாள். கோரையின் விளிம்பில் போய் நின்று, அவசரப்படாமல் ஆட்டினாள். சலக், சலக், சலக்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுப்பகுதியில் ஒரு கோரைத் தலை அசைந்தது. பக்கத்தில் இன்னொன்று. காற்றே இல்லாத அந்த வெயிலில் மொத்தக் கோரையும் சலசலத்து எங்களை நோக்கிச் சாய ஆரம்பித்தது. பூக்கொத்துகள் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஆடின. அடியில் தண்டுகள் விலகின, ஓர் அலகு தெரிந்தது, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. பச்சைக்குள்ளிருந்து பழுப்பும் வெள்ளையுமாக வாத்துகள் கொட்டிக்கொண்டே வந்தன. நான் குதித்தேன். இந்த வயதில், சேற்றுக் காலோடு, உண்மையிலேயே குதித்தேன்.

அஞ்சலை முன்னால் நடக்க அத்தனையும் பலகை வழியாக லாரியில் ஏறின. அவள் டப்பாவை என் கையில் கொடுத்து, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, கோரையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாத் தண்டும் ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. "இத்தினி கலாட்டாவுக்கும் ஒண்ணு சாயல பாரு. போன வருசமும் இதே எடத்துலதான் நின்னுச்சி. யாரு நட்டது, யாரு தண்ணி ஊத்தினது?" என்றாள். சேற்றுக்கடியில் வேர்கள் எல்லாம் ஒன்றோடொன்று கை கோத்திருக்கின்றன, மேலே அறுத்தாலும் மறுபடி வரும் என்று நான் உற்சாகமாகக் கையை ஆட்டிச் சொன்னேன். ஆட்டிய கையில்தான் டப்பா இருந்தது.

லாரியில் இருந்த வாத்துகள் ஒரே சமயத்தில் திரும்பின. பின்கதவுக்கு இன்னும் கொக்கி போடவில்லை. முன்வரிசையில் நின்ற நாலைந்து கீழே குதித்தேவிட்டன.

"டப்பாவப் புடி!" இருவரும் சேர்ந்து அலறினார்கள்.

இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அஞ்சலை குதித்ததைப் பிடித்து ஏற்ற, காதர் பாய் கொக்கியைப் போட்டார். நாலே கால். "யக்கா, வண்டி போற வரைக்கும் நீ மூச்சு வுடாத" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். லாரி நகர்ந்தது. ஜன்னல் வழியாக வளைவு திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டே போனாள். நான் திருப்பிக் கை ஆட்டவில்லை. எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசி நல்ல காலம், ஏரியில் தண்ணீர் இருக்கும், வெயிலும் பொறுக்கும். வெளிச்சத்துக்கு மாலை நாலிலிருந்து ஐந்தரை. முழுக்கை சட்டை போடுங்கள், கோரை கீறும். சேற்றில் செருப்போடு இறங்காதீர்கள், ஒன்றுதான் திரும்பி வரும். சாப்பாடு பாகூர் கடைத்தெருவில் எண்பது ரூபாய், ஆனால் மூன்று மணிக்குமேல் குழம்பு இருக்காது. எனக்கு மொத்தச் செலவு பஸ் உட்பட ஆயிரத்து இருநூறுக்குள். கடலை கொண்டு போவதானால் காகிதப் பொட்டலத்தில் கொண்டு போங்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏழு மணிக்குப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பாதியில் விட்ட படத்தை முடித்தேன். தண்டு முக்கோணமாக வந்துவிட்டது. அடியில் ஒரு வாத்தின் வாலும் வந்துவிட்டது, அதை அழிக்க மனமில்லை. அப்போது அஞ்சலையிடமிருந்து போன். எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்ததாம், பாய் நேரத்துக்குப் போய்விட்டாராம், புருஷனிடம் கதையைச் சொன்னதில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாராம். எனக்குக் கை ஆட்டாத குறை உறுத்திக்கொண்டே இருந்தது.

"அஞ்சலை, வாத்தெல்லாம் வலைக்குள்ள அடைச்சாச்சா?"

"ஆச்சி. ஏன்?"

"போனை ஸ்பீக்கர்ல போட்டு அதுங்க பக்கம் காட்டு."

பையிலிருந்து டப்பாவை எடுத்து, போனருகே வைத்து, ஒரே ஒரு முறை ஆட்டினேன். கரையாம்புத்தூரில் அத்தனை வாத்தும் சேர்ந்து கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டில் பக்கத்து பெஞ்சுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.